கேக்குக்கும் செய்கூலி உண்டு

கடந்த தை மாதம் என் இளைய மகளின் திருமண வரவேற்பு கிழக்குத் தாம்பரத்தில் நடந்தது. மூன்றடுக்கு கேக் வேண்டும் என்பது மகளின் விருப்பம். சேலையூரில் வீட்டிலேயே திருமண கேக் செய்து விற்கும் பெண் ஒருவரை அணுகினோம். இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பொருளியல் படித்தவர் அவர். கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். "வீட்டில்தானே செய்கிறாய் அம்மா, கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை. கொஞ்சம் குறைத்துக்கொள்ளேன்" என்றேன். "சார், வாய்ப்புச் செலவு என்று நீங்கள்தானே பாடம் நடத்தினீர்கள்?" என்று சிரித்தார். பிறகு விலையைக் குறைத்தும் கொடுத்தார். விழா முடிந்து பல நாள்கள் ஆன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

திருமண கேக் இப்பகுதிக்குப் புதியதன்று. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் கிறித்தவக் குடும்பங்களும் அதைத் தலைமுறைகளாக அறிந்தவை. அருகிலுள்ள கேரளத்தின் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1883-இல் கிறிஸ்துமஸ் கேக் செய்த கதை பலருக்கும் தெரியும். 1931-இல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலும், 1937-இல் சென்னை கிறித்தவக் கல்லூரியும் வந்த பிறகு தாம்பரத்தின் முகம் மாறியது. 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து மாநகராட்சி உருவானது. இன்று மதவேறுபாடின்றி வரவேற்பு மேடைகளில் கேக் வெட்டுகிறார்கள். சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் அடுக்ககங்களில் பெண்கள் நடத்தும் வீட்டு அடுமனைகளைக் காண முடிகிறது. பொதுமுடக்கக் காலத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கி, பின்னர் அதையே பிழைப்பாக்கிக் கொண்டவர்களும் அவர்களில் உண்டு.

அந்தப் பிழைப்பின் வேலை என்ன? உலர்பழங்களை முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். அடுக்குகளைத் தனித்தனியே சுட்டு, ஆறவைத்து, சமன்செய்து, கிரீம் பூச வேண்டும். சர்க்கரைக் கலவையால் இதழ் இதழாக ரோஜா செய்து உலர்த்த வேண்டும். சென்னையின் காற்றில் உள்ள ஈரப்பதம் இந்தக் கலைக்குப் பகை. சர்க்கரை உறை ஈரத்தை இழுத்து வியர்க்கும். 35 டிகிரி வெப்பத்தில் வெண்ணெய் உருகிவிடும். ஆகவே, பூச்சு வேலைகள் பெரும்பாலும் இரவில் நடக்கின்றன. மறுநாள் கேம்ப் ரோடு சந்திப்பின் நெரிசலையும் வேகத்தடைகளையும் கடந்து அடுக்குகளைத் தனித்தனியே மண்டபத்துக்குக் கொண்டுசென்று, உள்ளே குச்சிகளை நட்டு ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்த வேண்டும். மணமக்கள் கத்தி வைக்கும் வரை கேக் சாயாமல் நிற்கும் பொறுப்பு அவருடையது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். எண்களை எளிமைக்காக நானே வைத்துக்கொள்கிறேன். 6 கிலோ கேக், கிலோவுக்கு 1,500 ரூபாய் என்றால் வரவு 9,000 ரூபாய். பொருள்கள், அட்டைப் பெட்டி, மின்சாரம், வாடகை வண்டி ஆகியவற்றுக்கு 4,500 ரூபாய். அடுப்பு, கலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் தேய்மானத்துக்கும் உடைந்துபோகும் பூக்களுக்கும் 900 ரூபாய். மீதி 3,600. அதற்கு 36 மணி நேர உழைப்பு என்றால், ஒரு மணி நேரக் கூலி 100 ரூபாய். இந்த இடத்தில் என்னைப் போன்ற ஒருவர் வந்து 900 ரூபாய் குறைக்கச் சொல்கிறார். விலையில் குறைந்தது 10 விழுக்காடுதான். ஆனால், மாவும் வெண்ணெயும் விலை குறையாது என்பதால் அந்தத் தொகை முழுவதும் கூலியிலிருந்தே கழிகிறது. 3,600 என்பது 2,700 ஆகிறது. கூலியில் 25 விழுக்காடு போய்விட்டது. பொருளியல் பேராசிரியராக இருந்தும், பேரம் பேசும்போது இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

சிக்கலின் வேர் கிலோவில் இருக்கிறது. தங்கத்தையும் எடை போட்டுத்தான் வாங்குகிறோம். ஆனால், செய்கூலி, சேதாரம் என்று தனியே கொடுக்கிறோம். அதைக் குறைக்கச் சொல்லி வாதாடலாம். செய்கூலியே கிடையாது என்று எவரும் சொல்வதில்லை. மணப்பெண்ணின் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர் துணியின் எடைக்குக் காசு கேட்பதில்லை. கேக்கில் மட்டும் வடிவமைப்புக்கேற்பக் கிலோ விலை சற்றுக் கூடலாமே தவிர, அளவுகோல் எடைதான். நூறு இதழ்கள் கொண்ட சர்க்கரைப் பூவுக்கு எடை மிகக் குறைவு. உழைப்பு மிக அதிகம். எடையை அளவுகோலாக வைத்தால் எது மறைந்துபோகும் என்பது வெளிப்படை.

விலையை உயர்த்திக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். ரஷ்யப் பொருளியலாளர் சயானோவ் 1925-இல் வெளியான தம் நூலில், குடும்ப உழைப்பால் நடக்கும் பண்ணைகளை ஆராய்ந்தார். கூலி கொடுக்கும் பண்ணை, வரவு கூலியைவிடக் குறைந்தால் உற்பத்தியை நிறுத்திவிடும். குடும்பப் பண்ணை நிறுத்தாது. தன் உழைப்பைத் தானே மலிவாக்கிக்கொண்டு தொடரும். இதை அவர் சுயசுரண்டல் என்றார். வீட்டு அடுமனைகளின் நிலையும் அதுவே. தொழிலில் நுழைவது எளிது. புதிதாக வருபவர் தம் நேரத்துக்கு விலை வைக்காமல், பொருள் செலவுக்கு மேல் ஏதோ கிடைத்தால் போதும் என்று விற்கிறார். அவருடைய விலையே சந்தை விலையாகிறது. அனுபவமுள்ளவரும் அதற்கு இறங்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கப் பொருளியலாளர்கள் பாமலும் போவனும் 1966-இல் கூறிய இன்னொரு உண்மையும் உண்டு. நால்வர் வாசிக்கும் இசையை இயந்திரம் கொண்டு விரைவுபடுத்த முடியாது. நூறாண்டுகளுக்கு முன் தேவைப்பட்ட அதே நேரம் இன்றும் தேவை. பிற துறைகளில் உற்பத்தித்திறனும் ஊதியமும் உயரும்போது, கைவேலையின் விலையும் உயர்ந்தே ஆக வேண்டும். உயராவிட்டால் அந்த இழப்பைக் கைவினைஞர் சுமக்கிறார்.

இது சில நூறு குடும்பங்களின் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18-இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24-இல் 41.7 விழுக்காடாக உயர்ந்தது. அதே காலத்தில் உழைக்கும் பெண்களில் சுயதொழில் செய்வோரின் பங்கு 51.9-இலிருந்து 67.4 விழுக்காடானது. இவர்களில் பெரும்பான்மையினர் கிராமப்புறங்களில் வேளாண்மை செய்பவர்கள் என்றாலும், கேள்வி பொதுவானது. சுயதொழில் பெருகுவது வளமா, வேறு வழியின்மையா என்பதை எண்ணிக்கை சொல்லாது. ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே சொல்லும். 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது" என்ற பேச்சுக்கு இந்த எண்ணே பதில்.

இத்தொழிலின் வருவாய் ஆண்டு முழுவதும் சீராக வருவதுமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் நின்றுவிடும். தவக்காலத்தில் கிறித்தவத் திருமணங்கள் பெரும்பாலும் நடப்பதில்லை. மார்கழிப் பள்ளத்தை கிறிஸ்துமஸ், புத்தாண்டு கேக்குகள் ஓரளவு நிரப்புகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. பல இடங்களில் மின்சாரம் இல்லை. மின்சாரமற்ற குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் வெண்ணெயும் கிரீமும்தான் வீட்டு அடுமனையின் மூலதனம். மணிக்கு 100 ரூபாய் என்ற கூலிக்குள் இத்தகைய இழப்பைத் தாங்கும் வலு கிடையாது.

வரி மாற்றமும் இங்கே கவனத்துக்குரியது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. நல்ல நடவடிக்கை. ஆனால், தமிழகத்தில் பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு விற்பனையாளர் பொதுவாக இவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வரி வசூலிக்கும் பெரிய கடையோடு ஒப்பிடுகையில் இது வீட்டு அடுமனைக்கு ஒரு சாதகமாக இருந்தது. அந்தச் சாதகம் இப்போது சுருங்கிவிட்டது. வெண்ணெய், சாக்லேட் ஆகியவற்றின் வரியும் குறைந்ததால் உள்ளீட்டுச் செலவில் சற்று நிம்மதி உண்டு. இனி விலைக்குறைப்பில் போட்டியிடுவதைவிட, கைத்திறனுக்கு விலை கேட்பதே வீட்டு அடுமனைக்கு நிலைத்த வழி.

அது நடக்கக்கூடியதா? இலங்கையைப் பாருங்கள். அங்கே திருமண மேடையில் நிற்கும் அடுக்கு கேக் பெரும்பாலும் தெர்மோகோல் மீது சர்க்கரை வேலை செய்த அலங்கார அமைப்பு. ரவை, முந்திரி, பூசணி இனிப்பு சேர்த்த உண்மையான கேக் துண்டுகள் சிறு பெட்டிகளில் விருந்தினர்களுக்குத் தரப்படுகின்றன. பார்ப்பதற்கான வேலையும் உண்பதற்கான பண்டமும் அங்கே கண்ணெதிரே தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. நாம் அதே முறைக்கு மாற வேண்டியதில்லை. விலைச்சீட்டில் அந்தப் பிரிவினையைக் கொண்டுவந்தால் போதும்: பொருள் விலை ஒரு வரி, செய்கூலி ஒரு வரி, கொண்டுசேர்க்கும் கூலி ஒரு வரி.

அரசு செய்யக்கூடியவையும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011 ஒழுங்குமுறைகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குட்பட்ட சிறு தயாரிப்பாளருக்கு உரிமத்துக்குப் பதிலாக எளிய பதிவு முறையையும் 100 ரூபாய் கட்டணத்தையும் வகுத்தன. பதிவு செய்வதால் தங்களுக்கு என்ன பயன் என்பதை வீட்டு அடுமனையாளர்களிடம் எடுத்துச்சொல்ல வேண்டும். 2020-இல் தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமர் திட்டம், கடனோடு இணைந்த 35 விழுக்காடு மானியத்தை 10 லட்சம் ரூபாய் வரை வழங்கியது. பொதுக் கட்டமைப்புக்கும் அதில் இடம் இருந்தது. இந்த வழியில், தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் வெள்ளம் எட்டாத ஓரிடத்தில், மின்னாக்கியோடு கூடிய பொதுக் குளிர்பதன அறையும் சமையற்கூடமும் மகளிர் குழுக்களின் பொறுப்பில் அமையலாம். கேக் செய்யப் பயிற்றுவிக்கும் நிறுவனங்கள், பூ செய்யக் கற்பிக்கும் அதே அக்கறையோடு விலை வைக்கவும் கற்பிக்க வேண்டும்.

அண்மையில் அவரைச் சந்தித்து, இந்த விலைச்சீட்டு யோசனையைச் சொன்னேன். நான் குறைத்த தொகையையும் நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். ஆனால், விலைச்சீட்டைச் செய்து பார்ப்பதாகச் சொன்னார். புதிய சீட்டைக் கண்ட முதல் மூன்று வாடிக்கையாளர்களில் ஒருவர் வேறிடம் போய்விட்டாராம். மற்றொருவர் பூக்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மூன்றாமவர் சீட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு மணி நேரமா?" என்று மட்டும் கேட்டு முன்பணம் கொடுத்தாராம்.

பூவைக் குறைத்தவர் மீதும் எனக்குக் குறையில்லை. அவர் வேலையைக் குறைத்துச் செலவைக் குறைத்தார். நானோ வேலையை அப்படியே வைத்துக்கொண்டு கூலியைக் குறைத்தேன்.