எண்ணெய்ப் புட்டியும் ஏங்கும் பெற்றோரும்

பிள்ளைக்கு மூன்று வயதாகியும் "அம்மா" என்று அழைக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரவில் உறக்கம் இல்லை. திடீரென்று சுவரில் தலையை மோதிக்கொள்கிறது. டாக்டரிடம் காட்டினால் "ஆட்டிசம்" என்கிறார். இதைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது, பயிற்சிதான் வழி என்கிறார். மும்பையில் ஒற்றை அறையில் குடியிருந்து, ஷிப்டு வேலைக்குப் போய்வரும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்தச் சொல் இடியாக விழுகிறது.

அந்த வேளையில்தான் தெரிந்தவர் ஒருவர் செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டுகிறார். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த "சி.பி.டி." எண்ணெயாம். நாக்கின் அடியில் சில சொட்டு விட்டால் பிள்ளை அமைதியாகுமாம், பேச்சும் வருமாம். சின்னப் புட்டியின் விலையோ ஆயிரக்கணக்கில்! வாங்கலாமா, வேண்டாமா என்று பெற்றோர் தவிக்கிறார்கள்.

அவர்களைப் பழிப்பது நியாயமாகாது. பிள்ளைக்காகக் கடன் வாங்கவும், இருக்கும் நகையை விற்கவும் துணியாத தாய் யார்? ஆனால் பணத்தை எடுக்கும் முன் சில உண்மைகளை அவர்கள் அறிய வேண்டும்.

கஞ்சாச் செடியில் போதை தரும் பொருள் டி.எச்.சி. எனப்படுவது. சி.பி.டி. வேறு, அது போதை தராது. வலிப்பு நோயில் அது பயன்படுவது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தைகளைத் தாக்கும் கொடிய வலிப்பு நோய்கள் இரண்டுக்கு 2018-ம் ஆண்டில் அதை மருந்தாக அனுமதித்தது. 2020-ல் மூன்றாவது நோய் ஒன்று சேர்ந்தது. அந்தப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை.

இஸ்ரேல் நாட்டில் ஆட்டிசம் உள்ள 150 பேருக்கு இந்த எண்ணெயைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2021-ல் வெளியாயிற்று. செடிச் சாறு கலந்த எண்ணெய் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருடைய முரட்டுத்தனம் நன்கு குறைந்ததாக டாக்டர்கள் மதிப்பிட்டார்கள். மருந்தே கலக்காத வெறும் எண்ணெய் பெற்றவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அவ்வாறே தேறியதாகத் தெரிந்தது! பெற்றோர் நிரப்பிக் கொடுத்த படிவங்களிலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. "அடுத்த தெருப் பையனுக்குக் கேட்டது" என்று யாராவது சொன்னால், இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. நம்பிக்கைக்கு இடம் உண்டு. விளம்பரத்தின் வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை.

தீங்கும் உண்டு. மயக்கம் போன்ற தூக்கம், பசியின்மை, வயிற்றுப்போக்கு ஆகியவை வரலாம்; கல்லீரலும் பாதிக்கப்படலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு வலிப்பும் இருக்கிறது. வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடும் பிள்ளைக்கு இந்த எண்ணெயையும் கொடுத்தால் கல்லீரலுக்கு ஆபத்து கூடுகிறது. குளோபசாம் சாப்பிடும் பிள்ளைக்குத் தூக்க மயக்கம் மிகும். எண்ணெயை நம்பி வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே உலை வைக்கும்.

புட்டிக்குள் இருப்பது என்ன என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவில் இப்படி விற்ற 84 சரக்குகளைச் சோதித்த முடிவு 2017-ல் வெளிவந்தது. லேபிளில் கண்ட அளவு சரியாக இருந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 18 சரக்குகளில் போதைப் பொருளான டி.எச்.சி.யும் இருந்தது.

நம் நாட்டில் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாப் பூவையும் பிசினையும் தடுக்கிறது. பூ சேராத இலை அந்தத் தடைக்குள் வராது. அதைக்கொண்டு, "விஜயா" என்னும் ஆயுர்வேதப் பெயரில் உரிமம் பெற்று எண்ணெய் விற்கிறார்கள். உரிமம் இருப்பதாலேயே அது ஆட்டிசத்துக்கு மருந்தாகிவிடாது. ஆகவே புட்டியை வாங்கும் முன் அதன் லேபிளைப் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாக்டரும் சீறி விழாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

பெற்றோர் புட்டியைத் தேடி ஓடுவது ஏன்? பயிற்சி எளிதில் கிட்டாததால்தான். அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. தனியாரிடம் போனால் சம்பளமே போகிறது. பயிற்சியாளர் இந்தியிலோ மராத்தியிலோ சொல்வது தமிழ்த் தாய்க்குப் பாதிதான் புரிகிறது. டம்ளரைக் காட்டி, பிள்ளை கையை நீட்டும் வரை பொறுத்திருந்து, பேரைச் சொல்லிக் கொடுப்பது போன்ற பயிற்சிகளை வீட்டில் நாள்தோறும் செய்ய வேண்டியவள் அந்தத் தாய் அல்லவா?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் பெற்றால், "நேஷனல் டிரஸ்ட்" நடத்தும் நிராமயா காப்பீட்டில் சேரலாம். பயிற்சிச் செலவு உள்பட ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அதில் வரம்பு உண்டு. பாந்திராவில் மத்திய அரசின் பேச்சு, செவிப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. இவை தொழிலாளர் குடியிருப்புகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாநகராட்சி மருத்துவமனைகளில் பயிற்சியாளர்களைப் பெருக்க வேண்டும். மாலை நேரத்திலும் பயிற்சி நடத்த வேண்டும். தமிழில் விளக்கத்தாள் அச்சிட்டு வழங்க வேண்டும். பொய் விளம்பரங்கள் மீது வழக்குத் தொடர வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் அனுப்பலாம். சான்றிதழ் மனுவை நிரப்பியும் உதவலாம்.

பெற்றோர் கேட்பது அற்புதம் அல்ல. பிள்ளைக்கு ஒரு வழி. அந்த வழியை அரசு திறந்து வைத்தால், புட்டி வியாபாரியின் வாசலில் அவர்கள் நிற்கமாட்டார்கள்.