நறுக்கிய உருளை ஏன் பழுப்பாகிறது? ஹாசன் வயல்களைக் கருக்கும் நோய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு?

உருளைக்கிழங்கை நறுக்கி வைத்துவிட்டு ஒரு ஆபீஸ் கால் பேசிட்டு வந்து பாருங்கள், பழுப்பாகியிருக்கும். பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதியின் வேலை இது. செல் உடைந்ததும் பீனால்களை ஆக்ஸிஜனோடு சேர்த்து, கிருமிகளுக்கு ஆகாத குயினோன்களாக மாற்றுகிறது. கத்தி பட்டாலும் நோய் தாக்கினாலும் செடி கையிலெடுக்கும் ஆயுதங்களில் இதுவும் ஒன்று.

பெங்களூரிலிருந்து சுமார் 180 கி.மீ. தள்ளியுள்ள ஹாசனில் இது பொழைப்புப் பிரச்சினை. வட இந்தியாவில் உருளை குளிர்காலப் பயிர். ஹாசனிலோ பஞ்சாபிலிருந்து வரும் விதைக்கிழங்கை மே, ஜூனில் நட்டு மழையை நம்பி வளர்க்கிறார்கள். விடாத தூறல், குளிர்ச்சி, காயாத இலை: பின்கருகல் நோய்க்கு வேறென்ன வேண்டும்? ஓரிரு வாரத்தில் வயலே கருகிவிடும். 1845-இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்தான். இந்தியாவில் 1870-80 வாக்கில் முதலில் நுழைந்தது நம்ம நீலகிரியில்.

பூஞ்சை மாதிரி, ஆனா பூஞ்சை இல்லை

பேச்சுவழக்கில் பூஞ்சை என்கிறோம். உண்மையில் இது ஊமைசீட் என்ற தனி வகை. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் முக்கியம். இதன் சுவரிலோ குளூக்கானும் செல்லுலோஸும்தான் பெரும்பங்கு. அதனால் கைட்டினை வெட்டும் கைட்டினேஸ் நொதி எவ்வளவு சுரந்தாலும் இங்கே பெரிதாக எடுபடாது. சுவரை உடைக்க பீட்டா-1,3-குளூக்கனேஸ் வேண்டும். இன்னொரு பக்கம் பிஏஎல் என்ற நொதி பீனால்களுக்கும் லிக்னினுக்கும் மூலப்பொருள் தயாரிக்கிறது. பெராக்ஸிடேஸ் அந்த லிக்னினைக் கோத்து, தாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி மதில் கட்டுகிறது.

நொதி ஏறினால் எதிர்ப்பு சக்தியா?

ஆய்வுக் கட்டுரைகளில் 'தொற்றுக்குப் பின் நொதி அளவு உயர்ந்தது' என்று ஒரு கிராஃப் இருக்கும். அதை மட்டும் வைத்து 'இந்த ரகம் நோயைத் தாங்கும்' என்று முடிவு கட்டுவதை நான் நம்பமாட்டேன். தாங்காத ரகத்திலும் நொதி ஏறும், லேட்டாக. முதல் சில மணி நேரத்தில் எந்த ரகம் முந்துகிறது என்பதே கேள்வி. கிருமியை அடையாளம் காணும் மரபணு இருந்தால்தான் அந்த வேகம் வரும்.

அமெரிக்காவின் 'இன்னேட்' உருளையைப் பாருங்கள். பழுப்பாக்கும் நொதியைக் கிழங்கில் குறைத்திருக்கிறார்கள். இரண்டாம் தலைமுறையில் காட்டு உருளையின் மரபணு ஒன்றைச் சேர்த்ததும் பின்கருகலையும் தாங்குகிறது. ஆக, பழுப்பு நொதி மட்டும் காவல்காரன் இல்லை.

1968-இல் வெளியான குஃப்ரி ஜோதி ஹாசனில் பல ஆண்டுகள் கோலோச்சியது. கிருமி மாறிக்கொண்டே போக, அதன் எதிர்ப்புத்திறன் தேய்ந்தது. மிச்சமிருந்தது மாங்கோசெப் தெளிப்பு. மழை விடாவிட்டால் மறுபடி தெளிக்கணும், அதுக்கு மறுபடி காசு வேணும். இப்போது ஓரளவு தாங்கும் குஃப்ரி ஹிமாலினி போன்ற ரகங்களை, திசு வளர்ப்புச் செடிகளின் நுனித்தண்டுகளை வேர்விடச் செய்து நாற்றாகத் தருகிறார்கள். அதிலிருந்து விதைக்கிழங்கை ஹாசனிலேயே பெருக்கலாம். பஞ்சாப் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம்.