இரண்டு மணி நேரம்தான் கையில் இருக்கிறது, தோழர்களே!

பல்லடத்து விசைத்தறித் தோழர்களே, பனியன் கம்பெனித் தோழர்களே! டெய்லரோ, கைமடியோ, செக்கிங்கோ, யாராயிருந்தாலும் இதைப் படித்துவிட்டு ஷிப்டுக்குப் போங்கள்.

2018 ஜூலையில் நம் திருப்பூரிலேயே ஒரு தாயைப் பறிகொடுத்தோம். யூடியூப் பார்த்து வீட்டிலேயே பார்த்த பிரசவம். குழந்தை பிழைத்தது, உதிரப்போக்கு நிற்காமல் தாய் போய்விட்டார். நாடு முழுக்க அந்த வீடியோவைப் பற்றிப் பேசினார்கள். உதிரப்போக்கைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆஸ்பத்திரியில் பெற்றவருக்கும் இந்த ஆபத்து உண்டு. பிள்ளையோடு வீடு திரும்பிச் சில வாரம் வரைக்கும் உண்டு.

நஞ்சு விழுந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அப்போதுதான் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்கள் அடைபடும். நிறைமாதத்தில் நிமிஷத்துக்கு அரை லிட்டர் ரத்தம் ஓடுகிற இடம் அது. சுருங்காமல் போனால், வைத்தியம் கிடைக்காத தாய் இரண்டு மணி நேரத்தில் இறந்துபோகலாம். நம் பெண்களுக்கு அந்தக் கெடுவும் முழுசாகக் கிடைக்காது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயும் பன்னுமாக ஓவர்டைம் பார்க்கிற பெண்ணின் உடம்பில் இழப்பதற்கு ரத்தம் ஏது?

இது கைவிட்டுவிட வேண்டிய நோய் அல்ல. கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, ஆக்சிடோசின், சலைன், மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டிய டிரானெக்சாமிக் அமில ஊசி, எல்லாம் இருக்கின்றன. ரத்தத்தை அளவு குறித்த பையில் பிடித்துப் பார்த்து, அளவு மீறியதும் இவை அத்தனையையும் சேர்த்தே கொடுத்தார்கள், ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில். கடும் உதிரப்போக்கும் அதனால் வரும் ஆபத்தும் 60 சதவீதம் குறைந்ததாக 2023ல் அந்த ஆய்வு வெளிவந்தது. கண்ணால் பார்த்துக் 'கொஞ்சம்தான்' என்று மதிப்பிட்டதால் போன உயிர்கள் எத்தனையோ!

துணி தைத்துப் பிழைக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் உடுப்பும் இருக்கிறது. நியோபிரீன் துணியில் வெல்க்ரோ பட்டை வைத்துத் தைத்தது. கணுக்காலில் தொடங்கித் தொடை, இடுப்பு, வயிறு என்று மேல்நோக்கி இறுக்கிக் கட்டுவார்கள். காலிலும் வயிற்றிலும் தேங்கும் ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் திரும்பும். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்கும். வழியில் யாரும் அதைக் கழற்றக் கூடாது. நம் மாநில அரசு மருத்துவச் சேவையில் இது புழக்கத்தில் இருக்கிறது. நம் பகுதி ஆஸ்பத்திரியிலும் ஆம்புலன்சிலும் இருக்கிறதா என்று சங்கமாகப் போய்க் கேட்போம்.

லைன் வீடுகளில் இருக்கும் தோழர்களே, கால் மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, தாய்க்கு வியர்த்துக் கண் இருட்டினாலோ யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். மாமியார் வரட்டும், விடியட்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தள்ளாதீர்கள். வண்டி வரும்வரை படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள், போர்த்திவிடுங்கள். பெற்ற கையோடு என்றால் தொப்புளுக்குக் கீழே அழுத்தித் தேயுங்கள். கர்ப்பப்பை தேங்காய் மாதிரிக் கெட்டிப்பட வேண்டும். பிள்ளையை மார்பில் போட்டால் அதுவும் சுருங்க உதவும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்து அறையில் குடியிருக்கும் பெண்ணை மறந்துவிடாதீர்கள். கணவர் நைட் ஷிப்டில் இருப்பார், அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வராது, இங்கே அம்மா கிடையாது. அவருக்காகப் போன் போடுகிற ஆள் நீங்கள்தான்.

கம்பெனி கேட்டைக் காரணம் காட்டி எந்த சூப்பர்வைசரும் அந்த நேரத்தில் கணவரை நிறுத்தி வைக்கக் கூடாது. இதை நிர்வாகங்களிடம் எழுத்தில் வாங்குவோம்.

அடுத்தது ரத்தம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வரும் தாய்க்கு ரத்தம் இலவசம்; 2011லேயே வந்த திட்டம். ஆனால் வங்கியில் யாராவது கொடுத்து வைத்திருந்தால்தானே எடுத்து ஏற்ற முடியும்? 18 வயது தாண்டி, 45 கிலோ இருந்து, உடம்பும் நன்றாக இருக்கிற ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஒவ்வொரு தறிக்கூடத்திலும் ஒவ்வொரு யூனிட்டிலும் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எழுதிய நோட்டு வையுங்கள். ராத்திரி வண்டி எடுக்கக்கூடியவர் பெயரையும் அதிலேயே சேருங்கள். வரும் சம்பளச் சனிக்கிழமைக்குள் அந்த நோட்டுகள் சங்க அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும்.