கிழிந்த ஏடும் பிரிந்த மனங்களும்

2023ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் கணினி விளையாட்டில், கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், தன் அன்னையின் சமையற்குறிப்பேட்டில் சிதைந்துபோன வரிகளை ஊகித்து, ஆவி தடையின்றி மேலேற இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவதென்று விளையாடுபவரோடு சேர்ந்து ஆராய்கிறாள். பிழை நேர்ந்தால் தண்டனையில்லை, மறுபடியும் முயலலாம்.

புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரையில் மாலை வேளைகளில் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள், அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் இடையே நிகழும் வசைப்போரைக் கண்டு, தாமும் ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கத்தாரைச் சத்துருக்களாகப் பாவிக்கும்போது, என் மனம் அந்த விளையாட்டையே நாடுகிறது. ஏனெனில் கட்சி அபிமானம் முற்றிவிட்டால் விடையை முன்னரே கையில் கொடுத்துவிடுகிறது, புதிரோ விடுபட்ட வரியைத் தேடச் சொல்கிறது.

அப்படி விடுபட்ட வரி நம் வரலாற்றிலும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் எதிர்காலத்தை முடிவுசெய்ய, வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர்; மாறாக வாக்களித்த 8 பேரும் இம்மண்ணின் பிரதிநிதிகளே. சிறுபான்மையாய் நின்றோரின் நெஞ்சிலிருப்பதையும் கேட்டறியும் பொறுமையே ஜனநாயகத்தின் ஜீவன் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிழிந்த ஏட்டைப் பொருத்திப் பார்க்கப் பழகிய பிள்ளை, பிரிந்த ஊரையும் ஒருநாள் சேர்த்துவைக்கும்.