கைக் கிரைண்டரும் நமது கைகளும்



தேங்காய்ச் சிரட்டையில் அகப்பை, கிண்ணம், பொத்தான் என்று பலவகைப் பொருட்களைச் செய்து விற்கும் பெண்கள் நமது நாட்டில் பல இடங்களிலும் இருக்கிறார்கள். அரத்தாலும் கண்ணாடித் துண்டாலும் சுரண்டிச் செய்த வேலையை இப்போது மின்சாரக் கருவிகள் செய்கின்றன. துளை போட ட்ரில் இருக்கிறது. மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கக் கைக் கிரைண்டர் இருக்கிறது. வேலை விரைவாக முடிகிறது, பொருளும் அழகாக வருகிறது. இது நல்ல மாற்றந்தான்.

நான் சந்திக்கும் சுயதொழில் குழுக்களில் ஒரு கேள்வியை வழமையாகக் கேட்பேன். "இந்த மெஷினைப் பாவிக்க உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?" "தம்பி காட்டித் தந்தவன்" என்பார் ஒருவர். "கடைக்காரர் சுவிட்சைப் போட்டுக் காட்டினவர்" என்பார் இன்னொருவர். அதாவது கருவியை ஓட வைக்கக் கற்றிருக்கிறார்கள். எப்போது நிறுத்த வேண்டும், எதைக் கழற்றக்கூடாது, தேய்ந்த பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்பதை எவரும் சொல்லவில்லை. கடன் பெண்ணின் பெயரில், கருவி பெண்ணின் கையில், அறிவு மட்டும் ஆண்களிடம். வயர் அறுந்தால் தம்பி வரும்வரை டேப் சுற்றிக்கொண்டு வேலை நடக்கிறது.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் ஒரு தொழில்கொள்வோரிடம் வேலை செய்பவருக்கு உரியது. வீட்டு முற்றத்தில் தானே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருக்கும் பெண், நட்டஈடு கேட்டு எவரிடம் போவது? ஒரு விரல் போனால் அடுத்த தவணைக்கும் அடுப்புக்கும் வழியில்லை. ஆகவே நமது கைக்கு நாமே காப்புறுதி. அதற்குத் தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை.

மின்சாரம்

நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். உயிரைப் பறிக்க இது போதும். பிரதான பலகையில் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்ச் விழாவிட்டால் மின்னியலாளரை அழைத்து மாற்றும்வரை கருவியைத் தொடவேண்டாம்.

கருவியின் உடலில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தால் அது இரட்டைக் காப்பிடப்பட்டது. அதற்கு எர்த் வயர் தேவையில்லை. அந்த அடையாளம் இல்லாத உலோக உடல் கொண்ட பழைய கருவிக்கு எர்த் கட்டாயம். பிளக் இல்லாமல் வயரின் நுனிகளைத் துவாரத்தில் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சுருள் எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் விரித்தே பாவியுங்கள். சுற்றியபடி இருந்தால் சூடேறி உருகும். ஈரத்தரையிலோ வெறுங்காலுடனோ வேலை செய்யவேண்டாம்.

டிஸ்க்

சிறிய கைக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 தடவை சுழலும். டிஸ்கின் மேல் அது தாங்கும் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் கருவியின் எண்ணைவிடக் குறையக்கூடாது. இரும்பு வெட்டும் சாதாரண டிஸ்குகள் பலவற்றில் செக்கனுக்கு 80 மீற்றர் என்று இருக்கும். மணிக்கு 288 கிலோமீற்றர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உடைந்து பறக்கும் துண்டு அந்த வேகத்தில் முகத்தை நோக்கி வரலாம். இத்தகைய டிஸ்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதியும் இருக்கும். வெடித்தது, நனைந்தது, காலம் கடந்தது எதையும் பூட்டவேண்டாம்.

டிஸ்கை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகட்டை "இடைஞ்சல்" என்று கழற்றிவிடுகிறார்கள். பெரிய டிஸ்க் பூட்டுவதற்காகவும் கழற்றுகிறார்கள். அதைவிட ஆபத்தானது, மரம் அரியும் பல்லுள்ள பிளேட்டைக் கிரைண்டரில் பூட்டுவது. பல் சிரட்டையில் சிக்கினால் கருவி கையை மீறித் துள்ளும். சிரட்டையை வெட்டுவதற்குச் சாதாரண இரும்பு வாளே போதும். கிரைண்டரை அதற்குரிய தேய்க்கும் டிஸ்குடன் மினுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிரட்டை உருண்டை, வழுக்கும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் துளைபோடவேண்டாம். துணி வைத்து வைஸில் இறுக்கிவிட்டு, கருவியை இரு கைகளாலும் பிடியுங்கள். "சும்மா பிடிச்சுக்கொள்" என்று பிள்ளையை உதவிக்கு இருத்துவதும் வேண்டாம்.

உடையும் உடலும்

பின்னலைக் கொண்டையாக்குங்கள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விடுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். சால்வை வேண்டாம். முக்காடு அணியும் சகோதரிகள் நுனிகளை உள்ளே செருகிக்கொள்ளலாம். சுழலும் ட்ரிலுக்கு அருகே தளர்ந்த கையுறையும் ஆபத்தே, அது விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணுக்குப் பக்கங்களும் மூடிய கண்ணாடி, மூச்சுக்குத் தூசி முகமூடி, காதுக்கு அடைப்பான் ஆகிய மூன்றையும் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள்.

பராமரிப்பு

டிஸ்க் மாற்றும்போதும் துடைக்கும்போதும் பிளக்கைக் கழற்றுவது முதல் வேலை. காற்றுத் துவாரங்களில் சிரட்டைத் தூள் அடைத்தால் மோட்டார் சூடேறும். நாள் முடிவில் தூரிகையால் தட்டிவிடுங்கள். நனைத்துக் கழுவவேண்டாம். உள்ளே வழமைக்கு மாறாக அதிகம் பொறி பறந்தால், அல்லது ஓட்டம் விட்டுவிட்டு வந்தால், காபன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மலிவான சோடிதான். பல கருவிகளில் பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றி நாமே மாற்றலாம்.

மின்வெட்டு வந்தால் எழுந்து தேநீர் போடப் போகுமுன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். 2022இல் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். பூட்டும் சுவிட்ச் போட்டபடி கிடக்கும் கிரைண்டர், மின்சாரம் திரும்பியதும் தானாகவே ஓடத் தொடங்கும். அவ்வேளையில் அருகில் குழந்தை இருக்கலாம்.

ஏதும் நடந்துவிட்டால்

மின்சாரம் தாக்கியவரைத் தொடாமல் முதலில் பிரதான சுவிட்சை அணையுங்கள். வெட்டுக் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரல் துண்டானால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. கண்ணில் துண்டு குத்தினால் கசக்கவோ பிடுங்கவோ வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கருவிகளுக்குக் கடனும் மானியமும் வழங்கும் உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டில் கண்ணாடி, முகமூடி, ட்ரிப் சுவிட்ச், ஒருநாள் பயிற்சி ஆகியவற்றையும் சேருங்கள். இவை ஆடம்பரமல்ல.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கடன் புத்தகத்தோடு கருவியையும் கொண்டுபோங்கள். வயர், பிளக், தகடு, டிஸ்க் நான்கையும் ஒருவருடையதை மற்றவர் பார்த்துச் சொல்லட்டும். அரைமணிநேரம் போதும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தால், தம்பி வரும்வரை எவரும் காத்திருக்கத் தேவையில்லை.