அடிபட்டவரிடம் கேட்காதீர்கள்

"ஆட முடியுமான்னு அவனையே கேளுங்க, அவன் உடம்பு அவனுக்குத் தெரியாதா?" கால்பந்து பார்க்கிற எவரும் இதைச் சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால், யாரோ சொல்லக் கேட்டுத் தலையாட்டியிருப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வீரரை மதிப்பது போலவும் தோன்றுகிறது. ஆனால் மைதானத்தில் ஒருவர் பலத்த அடிபட்டு விழும்போது நடுவர், அணி மருத்துவர், பயிற்சியாளர், போட்டியை நடத்தும் சங்கம் என்று பொறுப்பில் இருக்கிற அத்தனை பேரும் தங்கள் பாரத்தை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல் இந்த ஒரு கேள்விதான்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு புராணமும் உண்டு. 1956 மே 5, வெம்பிளி மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன், ஆட்டம் முடிய 17 நிமிடம் இருக்கும்போது எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்து விழுந்தார். கழுத்து எலும்பு முறிந்தது. வலியோடு எழுந்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். சிட்டி 3–1 என்று கோப்பையை வென்றது. முறிவு தெரிந்ததே சில நாட்களுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தபோதுதான். எழுபது ஆண்டுகளாக இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மெய்சிலிர்க்கிறோம். கதையில் ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறோம்: அன்று மாற்று வீரரை இறக்க விதியில் இடமே இல்லை. அவர் வெளியே போயிருந்தால் அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும், வேறு யாரோ கோல் கம்பத்தில் நிற்க வேண்டும். விதி செய்த கொடுமையை வீரம் என்று பெயர் மாற்றிக் கொண்டாடுகிறோம். 1989-இல் ஸ்டாக்ஹோமில் இங்கிலாந்து வீரர் டெர்ரி புட்சர் தலைக்கட்டோடும் இரத்தத்தில் நனைந்த வெள்ளைச் சட்டையோடும் நின்ற புகைப்படத்துக்கும் இதே வழிபாடுதான்.

அவர் உடம்பு அவருக்குத் தெரியும் என்பது மற்ற அடிகளுக்கு ஓரளவு பொருந்தலாம். தலையில் பட்ட அடிக்குக் கொஞ்சமும் பொருந்தாது. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டிய உறுப்புதான் அங்கே அடி வாங்கியிருக்கிறது.

2014 ஜூலை 13, ரியோ. உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 17-வது நிமிடத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர், அர்ஜென்டினாவின் எசெக்கியேல் கராயோடு மோதி விழுந்தார். சிகிச்சை பார்த்தார்கள், திரும்பி வந்து ஆடினார். சிறிது நேரத்தில் நடுவர் நிக்கோலா ரிஸோலியிடம் வந்து, இது இறுதியாட்டமா என்று கேட்டார். வேடிக்கை என்று நினைத்த நடுவர், கேள்வி மீண்டும் வந்தபோதுதான் திடுக்கிட்டார், ஜெர்மனி வீரர் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொன்னார். 31-வது நிமிடத்தில்தான் கிராமர் வெளியேறினார். அடிபட்டதற்கும் வெளியேறியதற்கும் இடையே ஏறத்தாழ 14 நிமிடங்கள், தான் எந்த ஆட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாத ஒருவர் உலகக் கோப்பை இறுதியில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் இறங்கிய ஆன்ட்ரே ஷூர்லேதான் 113-வது நிமிடத்தில் சக வீரர் கோட்சேவுக்குப் பந்தை அனுப்பினார். அந்தக் கோலில் ஜெர்மனி வென்றது. முதலிலேயே மாற்றியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

அதே போட்டித் தொடரில், சாவ் பாவ்லோவில் இங்கிலாந்துக்கு எதிராக உருகுவேயின் ஆல்வரோ பெரேரா, எதிரணி வீரர் ஸ்டெர்லிங்கின் முழங்கால் தலையில் பட்டு நினைவிழந்து கிடந்தார். அணி மருத்துவர் மாற்றச் சொல்லிச் சைகை காட்டினார். கண் விழித்த பெரேரா அவரையே அதட்டிவிட்டு மைதானத்துக்குள் போனார். ஆட்டம் முடியும்வரை ஆடினார். சர்வதேச வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ கொதித்தெழுந்தது. அதன் பிறகே, தலையில் அடிபட்டால் ஆட்டத்தை மூன்று நிமிடம் வரை நிறுத்திப் பரிசோதிக்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. மூன்று நிமிடம்! பல அறிகுறிகள் தலைகாட்டவே அதைவிட நேரமாகும். ரக்பியில் வீரரை வெளியே கொண்டுபோய்ப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் சோதிக்கிறார்கள். அதுவரை தற்காலிக மாற்று வீரர் ஆடுகிறார். கால்பந்து 2021-இல் மூளை அதிர்ச்சிக்கான மாற்று வீரரைச் சோதனை முறையில் ஏற்றது. அதுவும் நிரந்தர மாற்றம்; வெளியே போனவர் திரும்ப முடியாது. பாதிச் சந்தேகத்தில் ஒருவரை வெளியே அழைக்க எந்தப் பயிற்சியாளர் துணிவார்?

டாட்டன்ஹாம் வீரராக இருந்த யான் வெர்டோங்கன் சொல்வதைக் கேளுங்கள். 2019 ஏப்ரலில், ஏயாக்ஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், சொந்த அணியின் ஆல்டர்வைரெல்டோடு தலை மோதி இரத்தம் வழிந்தது. நடுவர் மாத்தேயு லாஹோஸ் சும்மா இருக்கவில்லை. ஆடலாமா என்று டாட்டன்ஹாம் மருத்துவர்களைக் கேட்டுத்தான் உள்ளே விட்டார். சில நிமிடத்தில் வெர்டோங்கன் நிற்க முடியாமல் தள்ளாடினார், கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். ஒன்பது மாதம் தலைசுற்றலோடும் தலைவலியோடும் ஆடியதை அடுத்த ஆண்டு அவரே சொன்னார். அன்று எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் வேலை மட்டும் யாருடையதாகவும் இல்லை.

எழுந்து நடக்கிறாரே, அது போதாதா என்பவர்களுக்கு: 2007 ஆகஸ்டில் செவியா அணியின் அந்தோனியோ புவெர்த்தா மைதானத்தில் மயங்கி விழுந்து, நினைவு வந்து, தன் காலாலேயே நடந்து வெளியே போனார். உடைமாற்றும் அறையில் மீண்டும் சரிந்தார். மூன்று நாளில் இறந்தார். வயது 22.

இனி கோபன்ஹேகன். 2021 ஜூன் 12, யூரோ போட்டியில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும் ஆடின. முதல் பாதி முடியும் தறுவாயில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். நடுவர் ஆன்டனி டெய்லர் உடனே விசில் ஊதி மருத்துவர்களை அழைத்தார். கேப்டன் சிமோன் கேயார் ஓடிவந்து உதவினார். சக வீரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். இதய அதிர்வுக் கருவி (டிஃபிப்ரிலேட்டர்) அவர் உயிரைத் திருப்பித் தந்தது. நடுவரின் வேலைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அசிங்கம் அதற்குப் பிறகுதான். எரிக்சனுக்கு நினைவு திரும்பியது என்ற செய்தி வந்ததும், ஆட்டம் அன்றிரவே எட்டரை மணிக்குத் தொடரும் என்று ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் அறிவித்தது. இரு அணி வீரர்களும் கேட்டுக்கொண்டதால்தான் இந்த முடிவாம்.

அவர்கள் முன் வைக்கப்பட்டவை இரண்டே வழிகள்: இன்றிரவு, அல்லது நாளை நண்பகல். நண்பன் செத்துப் பிழைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், இரவு முழுதும் விழித்துக் கிடந்துவிட்டு மறுநாள் வருவதைவிட இப்போதே முடித்துவிடலாம் என்றுதான் நினைப்பார்கள். அதற்குப் பெயர் வேண்டுகோளா? கோவிட் வந்து அணியில் ஆள் குறைந்தால் 48 மணி நேரம் வரை ஆட்டத்தைத் தள்ளிவைக்க அதே போட்டியின் விதியில் இடம் இருந்தது. இதயம் நின்றதற்கு இல்லை. எரிக்சனுக்கு முதலில் ஓடிய கேயார் மறுபடி இறங்கினார். தாங்க முடியாமல் 63-வது நிமிடத்தில் வெளியேறினார். டென்மார்க்குக்குக் கிடைத்த பெனால்ட்டியும் வீணாயிற்று. ஃபின்லாந்து 1–0 என்று வென்றது. பெரிய போட்டி ஒன்றில் தன் நாட்டின் முதல் கோலைப் போட்ட போயன்பாலோவால் அதைக் கொண்டாடக்கூட முடியவில்லை. அன்று ஆடியிருக்கவே கூடாது என்று டென்மார்க் பயிற்சியாளர் ஹ்யுல்மன்ட் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். 'வீரர்களே கேட்டார்கள்' என்ற வாக்கியத்தை நான் அதன் பிறகு நம்புவதில்லை.

ஒரு எதிர்வாதம் வரும், தெரியும். கால்பந்து வீரர்கள் நடிகர்கள்; தொட்டால் உருளுவார்கள்; விழுந்தவருக்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்தினால் விடியும்வரை ஆட வேண்டியதுதான். நடிப்பு உண்மைதான். அதற்கு மஞ்சள் அட்டை இருக்கிறது, வீணான நேரத்தைக் கடைசியில் சேர்க்கவும் விதி இருக்கிறது. நடிப்பை நம்பி ஏமாந்தால் போவது இரண்டு நிமிடம். உண்மையை நடிப்பு என்று நினைத்தால் போவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. சிறு காயமா, பெரிய காயமா என்று நடுவரே தன் கணிப்பில் முடிவு செய்து, பெரிது என்று பட்டால் நிறுத்த வேண்டும் என்றுதான் ஆட்ட விதிகளின் ஐந்தாம் விதி சொல்கிறது. வீரரின் சம்மதம் அதில் எங்கும் இல்லை.

நிறுத்தினால் ஆட்டம் கெட்டுவிடுமா? 2023 டிசம்பரில் போர்ன்மத் மைதானத்தில் லூட்டன் கேப்டன் டாம் லாக்கியர் இதயம் நின்று விழுந்தபோது 1–1 என்றிருந்த ஆட்டத்தைக் கைவிட்டார்கள். மார்ச்சில் முதலிலிருந்து ஆடியபோது லூட்டன் 3–0 என்று முன்னிலை பெற்று 3–4 என்று தோற்றது. அந்தப் பருவத்தின் மிகச் சுவையான ஆட்டங்களில் அது ஒன்று. 2024 ஏப்ரலில் ரோமாவின் எவான் எண்டிக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பயிற்சியாளர் டி ரோசி தன் வீரர்களின் நிலையைப் பார்த்துவிட்டு வந்து, ஆட முடியாது என்றார், நடுவர் ஏற்றார். இதயக் கோளாறு இல்லை என்று பிறகு தெரிந்தது. மிச்ச நிமிடங்களைப் பதினொரு நாள் கழித்து ஆடினார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அங்கேயும் அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு டி ரோசி இருக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் வாய் திறக்காத நாளில் என்ன செய்வது? அமெரிக்கக் கால்பந்தில், அணிகளின் சம்பளப் பட்டியலில் இல்லாத நரம்பியல் மருத்துவர்கள் மைதானத்தில் நிற்கிறார்கள். மேலேயிருந்து பார்ப்பவர் 2015 முதல் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லலாம். அந்த ஆட்டத்தின் வேறு பாவங்கள் எத்தனையோ. இதை மட்டும் நம் ஆட்டம் கடன் வாங்கலாம்.

நிறுத்த ஆள் இருந்தாலும், காப்பாற்ற ஏற்பாடு வேண்டும். 2012 மார்ச் 17 அன்று லண்டனில் ஆட்டத்தின் நடுவே வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா இதயம் நின்று விழுந்தார். நடுவர் ஹோவர்ட் வெப் ஆட்டத்தைக் கைவிட்டார். பார்வையாளர் வரிசையிலிருந்து இதய மருத்துவர் ஒருவர் இறங்கி ஓடிவந்தார். 78 நிமிடம் நின்றிருந்த இதயம் மீண்டும் துடித்தது. நான்கே நாள் கழித்து பெங்களூரில், மாவட்ட லீக் ஆட்டத்தில், பெங்களூரு மார்ஸ் அணியின் வெங்கடேஷ் விழுந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. சக வீரர்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை. இதே ஊரில் 2004 டிசம்பரில், ஃபெடரேஷன் கோப்பை இறுதியில், டெம்போவின் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலைப் போடும்போது கோல்கீப்பரோடு மோதி இறந்திருந்தார். ஏழாண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது, ஏற்பாடு செய்ய.

அதிர்வுக் கருவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏழு முதல் பத்து விழுக்காடு போய்விடும். ஆகவே நிறுத்தும் அதிகாரம் ஒருவர் விழுந்த பிறகு தொடங்கினால் போதாது. ஆட்டத்துக்கு முன் பந்தின் காற்றழுத்தம் 0.6-க்கும் 1.1 வளிமண்டலத்துக்கும் இடையே இருக்கிறதா, பூட்ஸ் சரியா, வலை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் நடுவர்களின் வேலைதான். ஆம்புலன்ஸும் அதிர்வுக் கருவியும் வந்து நிற்கின்றனவா என்பதையும் அந்தப் பட்டியலில் எழுதுங்கள். வரவில்லையென்றால் நடுவர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். அப்போதும் ஆடத் தயார் என்று இரு அணிகளும் சொல்லும். சொல்லட்டும்.