பால் மீது விழும் பழி

சிறுநீரகக் கல்லுக்கு மராத்தியில் முத்கடா என்று பெயர். முத்கடா என்று ஸ்கேன் சொன்ன அன்றே புனேயின் பல வீடுகளில் பால், தயிர், மோர், பனீர் எல்லாம் நிறுத்தப்படுகின்றன. கூடவே தக்காளி விதைக்கும் தடை. தமிழ் வீடுகளிலும் இதே பத்தியம்தான். கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலிலும் கால்சியம் இருக்கிறது, ஆகவே பால்தான் கல்லாகிறது என்பது இந்தப் பத்தியத்தின் அடிப்படை. அந்த அடிப்படையே பிழையானது. அதை நம்பிப் பாலை விடுகிறவருக்குக் கல் திரும்பவும் வரும் வாய்ப்பு கூடுகிறது, எலும்பும் தேய்கிறது.

கற்களில் பெரும்பான்மை கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆனவை. ஆக்ஸலேட்டில் ஒரு பங்கைக் கல்லீரலே உண்டாக்குகிறது. மறுபங்கு கீரை, கொட்டை வகைகள், தேநீர் போன்றவற்றிலிருந்து வருகிறது. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். பாலை நிறுத்தியவரின் குடலில் ஆக்ஸலேட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அது ரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் இறங்குகிறது, அங்கே கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது.

புனே சமையலில் தாகாத்லி பாஜி என்று ஒன்று உண்டு. பாலக் கீரையை வேகவைத்து மசித்து, கடலை மாவு கரைத்த மோரை ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறிக் கொதிக்கவிட்டு, மேலே பூண்டும் மிளகாயும் தாளித்துக் கொட்டுவார்கள். ஆக்ஸலேட் மிகுந்த கீரையும் அதைக் கட்டிப்போடும் கால்சியமும் ஒரே கிண்ணத்தில் சேரும் சமையல் இது. கல் வந்தவருக்கு அந்த மோரை வேண்டாம் என்பது அறியாமை. அதே பாலக்கைப் பச்சையாக மிக்ஸியில் அடித்து, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஆரோக்கிய பானமாகக் குடிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. கல் வரும் உடம்புக்கு அஞ்ச வேண்டியது அதுதான். 100 கிராம் பாலக்கில் பல நூறு மில்லிகிராம் ஆக்ஸலேட் உண்டு. அதே அளவு தக்காளியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. தக்காளியை விலக்கிவிட்டுக் கீரைச் சாறு குடிப்பவர் எலியை விரட்டிப் புலிக்குக் கதவு திறக்கிறார்.

இதெல்லாம் ஊகம் அல்ல. 1993இல் அமெரிக்காவில் சுமார் 45,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியான ஆய்வில், உணவு வழியே கால்சியம் அதிகம் பெற்றவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்திருந்தது. 2002இல் வெளியான இத்தாலிய ஆய்வு, அடிக்கடி கல் வரும் 120 ஆண்களை இரண்டு அணிகளாகப் பிரித்து ஐந்தாண்டுகள் கவனித்தது. கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கமான அளவில் வைத்துக்கொண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே திரும்பியது.

அந்த வெற்றியில் உப்பைக் குறைத்ததற்கும் பங்கு உண்டு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடுகிறது. பாலை விட்ட கையோடு சிவ்டா, பாகர்வடி, அப்பளம், ஊறுகாய் என்று கொறிப்பவரின் பத்தியத்தால் என்ன பயன்? பால் வேறு, கால்சியம் மாத்திரை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. சாப்பாட்டோடு சேராமல் தனியே விழுங்கும் மாத்திரை குடலில் ஆக்ஸலேட்டைச் சந்திப்பதில்லை. அதை மருத்துவரைக் கேட்டே எடுத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும், யூரிக் அமிலம் முதலான வேறு வகைக் கல் உள்ளவர்களுக்கும் உணவு விதிகள் வேறு.

பால் மீது பழியைப் போட்டதில் வந்த பெரிய நஷ்டம், பத்தியம் இருக்கிறோம் என்ற நிம்மதியில் தண்ணீர் மறந்துபோவது. புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வியர்வையில் நீர் போகப் போகச் சிறுநீர் சுண்டிக் கெட்டியாகிறது. ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் குடிக்க வேண்டும். முதல் முறை கல் வந்தவர்களிடம் ஐந்தாண்டுகள் நடந்து 1996இல் வெளியான இன்னோர் இத்தாலிய ஆய்வில், அப்படி நீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கே கல் திரும்பியது. மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு.